நீ கட்டிய வலைத்துணிதான் சரி

அன்புள்ள தம்பி,

போன வியாழக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். உன் மச்சான் ஒரு மீன்தொட்டியைக் கொண்டுவந்து உங்கள் கோலாலம்பூர் வீட்டு ஹாலில் வைத்துவிட்டுப் போய்விட்டான், பாப்பா மீன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அழாமல் இருப்பாள் என்று உன் மனைவியும் ஆசைப்படுகிறாள் என்று சொன்னாய். "கடையில மூணு சைஸ் பில்டர் இருக்குப்பா, எத வாங்குறது? நீங்க சொன்னா அவளே வாங்கி மாட்டிக்குவா. நான் தொட்டி கிட்டப் போகமாட்டேன். என் கை கதைதான் உங்களுக்குத் தெரியுமே" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் கேட்டது. நீ மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

உன் கை கதை எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. பதின்மூன்று வருடமாக நம் குடும்பத்தில் பலரும் சொல்லிச் சிரிக்கும் அந்தக் கதையை முதலில் சொன்னவன் நான். அது பொய். சொன்ன நேரத்தில் பாதிப் பொய் என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாளிலிருந்து அது முழுப் பொய் என்று எனக்குத் தெரியும். நாலு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னை அறியாமலே எனக்குச் சாதகமாக எழுதிவிடுகிறேன். அதனால் இந்த முறை நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். உனக்கு நினைவிருக்கும் இடத்திலும் பொறுமையாகப் படி. உனக்குத் தெரியாத பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

நீ அப்போது பள்ளியில் படிவம் இரண்டு படித்துக்கொண்டிருந்தாய், பதினாலு வயது. பாயான் பாரு தெரஸ் வீட்டுக்கு நாம் வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். பினாங்கில் டிஸ்கஸ் மீன் வளர்க்கும் பைத்தியம் பலரைப் பிடித்திருந்த காலம் அது. பேக்டரியில் என்னோடு பராமரிப்புப் பிரிவில் வேலை செய்த சீன நண்பர் ஒருவர் எனக்கு ஒரு ஜோடி கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, பழுப்பு உடம்பில் நீலக் கோடுகளோடு இருக்கும். நான் வாங்கி வந்தேனே தவிர, வளர்த்தது நீதான். பள்ளிவிட்டு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவாய். அவை முட்டையிட்டதை முதலில் பார்த்தவன் நீ. குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஒட்டிக்கொண்டு தோலில் ஊறும் பாலைத் தின்பதைப் பார்த்துவிட்டு, அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டியவனும் நீதான். "அம்மா, அப்பா மீனும் பால் குடுக்குதும்மா!" என்று நீ கத்தினாய். நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் நீ என்னைக் கூப்பிடவில்லை. அது எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை உன் பெரியப்பா குடும்பத்தோடு செபராங் ஜெயாவிலிருந்து வருவதாக இருந்தது. என் அண்ணனைப் பற்றி உனக்குத் தெரியும். அரசாங்க ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாதவர். அவர் என்னை ஒரு நாளும் ஒரு கடுமையான வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நம் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்காருமுன் அதைக் கையால் தட்டிவிட்டுத்தான் உட்காருவார். எண்ணெய்க் கறை படிந்த பேக்டரி உடுப்போடு வாழ்ந்தவனுக்கு அது போதும். அவர் முன்னால் காட்ட என்னிடம் இருந்தது அந்த மீன்தொட்டி ஒன்றுதான். அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதுவரை தொட்டியில் இருந்தது பஞ்சு பில்டர். காற்றுக் குழாயில் குமிழி குமிழியாக விட்டு மெதுவாகத் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் லேசான மஞ்சள் நிறம். அந்த மஞ்சள்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள் ஷிப்டு முடிந்து டவுனுக்குப் போய், வளர்ப்பு மீன் விற்கும் கடை முதலாளி சீனத் தௌக்கேயிடம் இருப்பதிலேயே பெரிய மோட்டார் பில்டரைக் கேட்டேன். அவர் எடுத்து வைத்துவிட்டு, தொட்டி எத்தனை அடி என்று கேட்டார். இரண்டரை அடி, டிஸ்கஸ் ஜோடி, குஞ்சு விட்டிருக்கிறது என்றேன். உடனே பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "குவாட் லா அண்ணே, பவர் ஜாஸ்தி, இது ரொம்ப இழுக்கும். பெரிய தொட்டிக்கு சரி. குஞ்சு இருக்குது, பஞ்சு போதும்" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பேக்டரியில் நாள் முழுக்கப் பம்ப்பும் கம்ப்ரசரும் பார்க்கிறவனுக்கு இந்த ஆள் தண்ணீர் ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறானா என்று எனக்குக் கோபம் வந்தது. "எனக்குத் தெரியும், நீ குடு" என்றேன். ஆக, எனக்கு யாரும் சொல்லவில்லை என்று நான் சொல்ல முடியாது. சொன்னார்கள்.

பிற்பகலில் மாட்டினேன். தண்ணீர் சுழன்றது. மேலே நுரை தள்ளியது. பெரிய மீன் இரண்டும் ஒரு மூலையில் ஒதுங்கி, வாலை ஓயாமல் அடித்துக்கொண்டு நின்றன. குஞ்சுகள் அவற்றின் உடம்பில் ஒட்ட முடியாமல் பிய்ந்து பிய்ந்து போயின. நீ என் பின்னால் நின்று, "அப்பா, குஞ்செல்லாம் அடிச்சிட்டுப் போகுதுப்பா" என்றாய். "பழகிடும்" என்றேன். "கொஞ்சம் கம்மி பண்ண முடியாதாப்பா?" என்றாய். "தண்ணி ஓடுனாதான்டா சுத்தம். போய்ப் படி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பில்டர் தண்ணீர் இழுக்கும் வாயில் பழைய கொசுவலைத் துணியை மடித்துச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டிருந்தாய். உன் சட்டைக்கை தோள்வரை நனைந்திருந்தது. ஓட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. குஞ்சுகள் மறுபடி தாயைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. தம்பி, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, "நாளைக்கு ஆளுங்க வர்ற நேரத்துல இது என்னடா கந்தல்?" என்று துணியைப் பிய்த்து எறிந்தேன்.

ஞாயிறு காலை நீதான் வந்து எழுப்பினாய். நூற்றுக்கு மேல் இருந்த குஞ்சுகளில் பத்தோ பன்னிரண்டோதான் மிச்சம். "பில்டர்தான் இழுத்திருக்கும்பா, தொறந்து பாருங்கப்பா" என்று நீ கெஞ்சினாய். நான் திறக்கவில்லை. திறந்தால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் திறக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். பத்து மணிக்குப் பெரியப்பா கார் வாசலில் நின்றுவிட்டது. உள்ளே வந்ததும் அவர் தொட்டியைக் குனிந்து பார்த்து, "எங்கடா, நூறு குஞ்சுன்னு சொன்னே?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "இவன் தொட்டிக்குள்ள கைய விட்டுட்டான்ணே. மிரண்டு போய்த் தாய் மீனே குஞ்சையெல்லாம் தின்னுடுச்சு" என்றேன். டிஸ்கஸ் மிரண்டால் குஞ்சைத் தின்பது உண்டு. நீ கையை விட்டதும் உண்டு. இரண்டு உண்மையை எடுத்து ஒரு பொய்யைக் கட்டினேன்.

நீ வாயைத் திறந்தாய். "இல்ல பெரியப்பா, நான் வலை கட்டத்தான்" என்று ஆரம்பித்தாய். நீ முடிக்குமுன் நான் அலமாரி மேலிருந்த பிரம்பை, அந்த ரோத்தானை, எடுத்துவிட்டேன். எத்தனை அடி என்று எனக்கு நினைவில்லை. உனக்கு நினைவிருக்கும். அம்மா குறுக்கே வந்து தடுத்தது நினைவிருக்கிறது. பெரியம்மா சோபாவில் உட்கார்ந்தபடி, "விடுங்க, பாவம். சில பேரு கைக்கு ராசி இல்ல, அவன் என்ன செய்வான்" என்றார். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். நான் ரோத்தானைக் கீழே போட்டேன். அடி அதோடு நின்றது. அந்த வார்த்தை மட்டும் நிற்கவில்லை.

இதுவரை உனக்கும் தெரியும். இனி எழுதுவது உனக்குத் தெரியாதது.

திங்கட்கிழமை எனக்குக் காலை ஷிப்டு. நீ பள்ளியிலிருந்து வருமுன் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். பில்டரைக் கழற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். உள்ளே இருந்த வெள்ளைப் பஞ்சு முழுக்கக் குஞ்சுகள். ஒவ்வொன்றும் ஒரு எள்ளளவு, அதற்கு இரண்டு கண். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிப் போயிருந்தன. தாய் மீன் தின்னவில்லை. நீ ஒன்றும் செய்யவில்லை. தௌக்கே சொன்னதும் நீ சொன்னதும் அப்படியே நடந்திருந்தது. நீ வந்ததும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்ததும் உண்மை. அப்புறம் குழாயைத் திறந்து பஞ்சை அலசிக் கால்வாயில் விட்டேன். நன்றாக, ஒரு கண்கூட மிச்சமில்லாமல் அலசினேன்.

நீ வந்தாய். பையைத் தோளிலிருந்து இறக்காமலே, "பில்டரைத் தொறந்து பாத்தீங்களாப்பா?" என்று கேட்டாய். "பாத்தேன். ஒண்ணுமில்ல" என்றேன்.

உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதுவரை உனக்கு என்மேல் கோபம் இருந்தது. உன்மேல் உனக்குச் சந்தேகம் இல்லை. என் பதிலைக் கேட்டதும் உன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாய். அதன் பிறகு நீ அந்தத் தொட்டிப் பக்கம் வரவில்லை. அந்தப் பில்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா பொய் சொல்லமாட்டார் என்று நம்பிவிட்டாய். நான் அடித்ததைவிட அந்த நம்பிக்கையைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

சொல்ல எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. பெரியப்பா வீட்டுப் புதுமனை புகுவிழாவில் பால் காய்ச்சும்போது நீ விறகை எடுத்துக்கொடுக்கப் போனாய். "நீ வேணாம்ப்பா, அவன் எடுக்கட்டும்" என்று அத்தை ஒருவர் சிரித்துக்கொண்டே உன்னை நகர்த்தினார். நீயும் சிரித்துக்கொண்டே நகர்ந்தாய். நான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது உன் சித்தி மகன் பால்குடத்தை உன்னிடம் கொஞ்சம் பிடிக்கச் சொன்னான். நீயே கையை இழுத்துக்கொண்டாய். படிவம் ஐந்து முடித்ததும் திரெங்கானுவில் மீன்வளப் படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்ததே, அந்தக் கடிதம் சமையல்கட்டு மேசையில் ஒரு வாரம் கிடந்தது. "மீனெல்லாம் எனக்குச் சரிப்படாதுப்பா" என்று சொல்லிவிட்டு லிப்ட் கம்பெனி வேலைக்குப் போனாய். அம்மா உன்னிடம் எவ்வளவோ பேசினாள். நான் பேசவில்லை. ஏன் என்று நீயும் அம்மாவும் யோசித்திருப்பீர்கள். நான் வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற பயம்தான். உன் வாழ்க்கை வேறு பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு, என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பாப்பாவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து உன் முன்னால் நீட்டினாள். நீ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "முதல்ல அப்பா தூக்கட்டும் சிஸ்டர், எனக்குக் கைராசி இல்ல" என்றாய். உன் மாமியாரும் மச்சானும் சிரித்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். உன் மகளை என் கையில் வைத்துக்கொண்டு உன் கையைப் பார்த்தேன். அந்தக் கட்டை நீ அவிழ்க்கவே இல்லை. மூன்று நாளுக்கு முன் போனில் உன் மனைவி அம்மாவிடம் சொன்னாளாம், பாப்பாவைக் குளிப்பாட்ட நீ இன்னும் தொடுவதில்லை என்று. "ஆம்பளைங்கதானே, பயப்படுவாங்க" என்று அம்மா சமாதானம் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான், முதலில் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு இதை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

நீ கேட்டதற்கும் பதில் சொல்கிறேன், அதையும் மழுப்பக் கூடாது. உங்கள் தொட்டி இரண்டடி, அதில் நாலு ஏஞ்சல் மீன் என்றாய். கடைக்காரன் காட்டிய பெரியது வேண்டாம். ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் நாலைந்து தடவை பில்டர் வழியாகச் சுற்றி வந்தால் போதும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு, பஞ்சு இல்லாத வெறும் மோட்டாருக்கு. பஞ்சு போட்டு, அதில் அழுக்கும் சேர்ந்தால் ஓட்டம் இன்னும் குறையும். அதனால் இருப்பதிலேயே சின்னதும் வேண்டாம், நடு சைஸ் வாங்கு. தண்ணீர் வெளியே விழும் வாயை மீனைப் பார்த்து வைக்காதே, கண்ணாடிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வை, வேகம் அங்கேயே உடைந்துவிடும். மாட்டியதும் தண்ணீரைப் பார்க்காதே. மீனைப் பார். ஒரே இடத்தில் நிற்பதற்கே அது வாலை ஓயாமல் அடித்தால் ஓட்டம் அதிகம். தீனி அது வாய் வைக்குமுன் அடித்துக்கொண்டு போனாலும் அதிகம். தண்ணீர் லேசாக மஞ்சளாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நான் சுத்தம் என்று நினைத்தது எனக்காக, மீனுக்காக அல்ல. பிள்ளை வளர்ப்பதற்கும் இதைச் சொல்லலாம், ஆனால் உனக்கு அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பின்னால் குஞ்சு விட்டால், இழுக்கும் வாயில் வலைத்துணி கட்டு. எப்படிக் கட்டுவது என்று உனக்கே தெரியும். பதினாலு வயதில் யாரும் சொல்லித்தராமல் கட்டியவன் நீ.

முந்தாநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். "அன்னைக்கு அவன் ராத்திரிச் சாப்பாடும் வேணாம்னான். நான்தான் 'அப்பா அடிச்சா என்ன, நீ கைய விட்டது தப்புதானே'ன்னு சொல்லி ஊட்டுனேன். என்னையும் சேர்த்துப் பொய் சொல்ல வச்சிட்டீங்க" என்றாள். கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நேற்றுக் காலை பஸ் ஏறிப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். பெரியம்மா நெற்றியைச் சுருக்கி, "எந்த மீனு?" என்று கேட்டார். உண்மையாகவே நினைவில்லை, தம்பி. கைராசி என்று அவர் சொன்னதும் நினைவில்லை. "அய்யய்யோ, நான் எப்போ அப்படிச் சொன்னேன்? விளையாட்டாச் சொல்லியிருப்பேன் லா" என்றார். பதின்மூன்று வருடமாக நீ சுமந்துகொண்டிருப்பதை அவர் அன்றைக்கே சோபாவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பெரியப்பாதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "நானும் அங்கதானே உக்காந்திருந்தேன். எழுந்திரிச்சிருக்கலாம்" என்றார். உன்னிடம் தானே பேசுவதாகச் சொன்னார். பேசினால் கேட்டுக்கொள். அது நான் கேட்டு அவர் சொன்னதல்ல.

உன் கை நல்ல கை. அன்றைக்கு அந்த வீட்டில் சரியான காரியம் செய்த கை அது ஒன்றுதான். இதை உன் மனைவிக்குப் படித்துக் காட்டு, உன் மாமியாருக்கும் மச்சானுக்கும் காட்டு. என் மரியாதையைப் பார்த்து மறைக்காதே. என்னை மன்னிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அது உன் விருப்பம், எவ்வளவு நாள் ஆனாலும், ஆகாமலே போனாலும்.

வரும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் கோலாலம்பூர் வருகிறேன். எழுதியதை உன் முகத்துக்கு நேராகவும் சொல்ல வேண்டும். வர வேண்டாம் என்றால் ஒரு போன் போடு, வரமாட்டேன். அம்மா என்னோடு வரவில்லை. தனியாகப் போங்கள் என்று சொல்லிவிட்டாள். இன்று காலையில்தான் மறுபடி என்னிடம் பேசினாள். "அவன் கத்துனா கத்தட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நடுவுல பேசாதீங்க" என்றாள்.

நடுவில் பேசமாட்டேன், தம்பி.

அப்பா